பாரம் குறைந்த சில்லு வாங்கலாமா? தொடக்கநிலை றோட் பைக், யாழ்ப்பாணத்து வீதி, சோளகக் காற்று

நல்லூரான் (தொடக்கப் பதிவு)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது தொடக்கநிலை அலுமினிய றோட் பைக். ஷிமானோ கிளாரிஸ், பின்னுக்கு 8 பல்லுச்சக்கரம், றிம் பிறேக். கூட வந்த சில்லு இரண்டையும் ரயர், ரியூப், கசற் (பின் பல்லுச்சக்கரக் கட்டு) எல்லாம் கழற்றிவிட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். 2,050 கிராம் காட்டியது. ரயர் 25 மிமீ, விளிம்பில் கம்பி வைத்த சாதாரண வகை.

விடியற்காலையில் காங்கேசன்துறை வீதியால் கீரிமலை வரை போய் வருவேன். ஞாயிறு என்றால் நாலைந்து பேர் சேர்ந்து பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான் வரை. மற்றவர்களின் சைக்கிள் என்னுடையதை விட விலை கூடியது. சந்தியில் நின்று எடுக்கும்போதெல்லாம் அவர்கள் முன்னுக்குப் போய்விடுகிறார்கள், பிறகு நான் விரட்டிப் பிடிக்க வேண்டும். வருகிற வருடம் கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறவும் யோசனை இருக்கிறது.

மார்கழியில் மச்சான் லண்டனிலிருந்து வருகிறான். 1,500, 1,600 கிராமுக்குள் ஒரு வீல்செற் கொண்டுவரச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கம்பக்னோலோ சொண்டா, புல்க்றம் றேசிங் 3 இரண்டும் கண்ணில் படுகின்றன. எது நல்லது? காசு கொடுக்கும் அளவுக்கு வித்தியாசம் தெரியுமா? என் எடை 74 கிலோ.

---

வேகப்பிரியன்

யோசிக்காமல் சொண்டாவை எடுங்கள். தொடக்கநிலை சைக்கிளில் கொம்பனிக்காரன் காசை மிச்சம் பிடிக்கிற முதல் இடம் சில்லுதான். மாற்றினால் வேறு சைக்கிள் மாதிரி இருக்கும். சில்லில் குறைக்கிற 1 கிராம், பிறேமில் குறைக்கிற 7 கிராமுக்குச் சமன் என்று சொல்வார்கள்.

---

பௌதிக வாத்தி

> சில்லில் குறைக்கிற 1 கிராம், பிறேமில் குறைக்கிற 7 கிராமுக்குச் சமன்

தம்பி, ஏழு எங்கிருந்து வந்தது? ஆகக் கூடினால் இரண்டு. உயர்தரத்தில் படித்த கணக்குத்தான். றிம்மில், அதாவது சில்லின் வெளி வளையத்தில், இருக்கிற நிறை சைக்கிளோடு சேர்ந்து முன்னுக்கும் போகிறது, அதே வேகத்தில் சுற்றவும் செய்கிறது. இரண்டு இயக்க ஆற்றலும் சமன், ஆகவே இரண்டு மடங்கு. அதுவும் வேகம் கூட்டும்போது மட்டுந்தான். ஒரே வேகத்தில் போகும்போது சில்லில் இருந்தாலும் போத்தலில் இருந்தாலும் 1 கிராம் 1 கிராம்தான். ஹப்பில் (சில்லின் நடுக் குடம்) இருக்கிற நிறைக்கு இந்த இரண்டு மடங்கும் கிடையாது, அது நடுவிலேயே நிற்கிறது.

நல்லூரானின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆளும் சைக்கிளும் தண்ணீரும் சேர்த்து 85 கிலோ. சில்லில் 450 முதல் 550 கிராம் குறையப் போகிறது, குறைத்து 400 என்று வையுங்கள்.

சந்தியில் நின்று 30 கிலோமீற்றர் வேகத்துக்கு வருவது: 400 கிராம் 800 ஆகக் கணக்கில் வரும். 85 கிலோவில் அது நூற்றுக்கு ஒன்றும் இல்லை. 10 விநாடியில் 30ஐத் தொடுகிறவர் பத்தில் ஒரு விநாடி முன்னுக்குத் தொடுவார். உங்கள் நண்பர்கள் முன்னுக்குப் போவது சில்லால் இல்லை, கியர் மாற்றாமல் சந்தியில் நிற்பதால் இருக்கலாம். அதை முதலில் பாருங்கள்.

சம தரையில் 30இல் போவது: நிறை இங்கே உருளும் தடையில் மட்டும் தெரியும். 400 கிராமுக்கு 0.2 வாற் கூட வராது.

கம்பளையிலிருந்து நுவரெலியா: ஏறும் உயரம் ஏறக்குறைய 1,400 மீற்றர். 180 வாற்றில் மிதிக்கிற ஆளுக்கு உயரத்துக்கு மட்டுமே ஒன்றே முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் போகும். அதில் 400 கிராம் மிச்சம் பிடிப்பது அரை நிமிடம். புசல்லாவையில் நின்று ஒரு தேத்தண்ணி குடித்தால் போய்விடும்.

---

வேகப்பிரியன்

சேர், பேப்பரில் எல்லாம் அப்படித்தான் இருக்கும். ஓடிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். நல்ல சில்லு மிதித்த உடனே இழுக்கும்.

---

ஸ்காபரோ தம்பி

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நான் இங்கே கனடாவில் சொண்டா பாவிக்கிறேன், கோடையில் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தும் ஓடினேன். கையில் தெரிகிற வித்தியாசம் நிச்சயம் உண்டு. எழும்பி நின்று மிதிக்கும்போது, வளைவில் திருப்பும்போது சைக்கிள் சொன்ன சொல் கேட்கும். மணிக்கூட்டில் அது தெரியுமா என்பது வேறு கேள்வி.

நான் சொல்ல வந்தது வேறு. நல்லூரான், சில்லைக் கழற்றி நிறுத்தீர்கள் சரி, ரயரையும் ரியூபையும் நிறுத்தீர்களா?

---

நல்லூரான்

ரயர் ஒன்று 350 கிராம், ரியூப் ஒன்று 110.

---

ஸ்காபரோ தம்பி

அப்ப பாருங்கள். கொன்ரினென்ரல் கிறாண்ட் பிறீ 5000, 25 மிமீ, ஒன்று 220 கிராம் சொச்சம். மடிக்கக்கூடியது, விளிம்பில் உருக்குக் கம்பி இல்லை. ரிபியூ ரியூப் என்று இப்போது மெல்லிய பிளாஸ்ரிக் மாதிரி ஒன்று வருகிறது, ஒன்று 35, 40 கிராம். இரண்டு ரயரில் 260, இரண்டு ரியூபில் 140. கூட்டினால் 400.

வீல்செற் மாற்றிக் குறைக்க நினைத்த அதே 400 கிராம். அதுவும் சில்லின் ஆகக் கடைசி ஓரத்தில், வாத்தியார் சொல்கிற இரண்டு மடங்கு கணக்கு முழுதாகப் பொருந்துகிற இடத்தில். செலவு வீல்செற்றில் ஒரு சின்னப் பங்குதான். மச்சானின் கைப்பையிலேயே அடங்கும்.

---

பௌதிக வாத்தி

இதைத்தான் நான் அடுத்ததாகச் சொல்ல இருந்தேன். ரயரில் எடையை விடப் பெரிய லாபம் உருளும் தடையில். மலிவான கம்பி விளிம்பு ரயரையும் நல்ல றேஸ் ரயரையும் ஒப்பிட்டால் 30இல் போகும்போது இரண்டு ரயரும் சேர்த்து 10 முதல் 20 வாற் வரை மிஞ்சும். றப்பரும் உள்ளே இருக்கிற நூலும் மெல்லியதாக, நெகிழ்வாக இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரியும்போது வீணாகிற ஆற்றல் குறைவு. 0.2 வாற் எங்கே, 10 வாற் எங்கே.

---

கொக்குவில் கடைக்காரன்

வாசித்துக்கொண்டு வந்தேன். கணக்கு எனக்குத் தெரியாது, கடையில் பார்ப்பதைச் சொல்கிறேன்.

அப்பா காலத்தில் இருந்து எங்கட கடையில் றலி, ஹம்பர், லுமாலா என்று 28 இஞ்சிச் சில்லுத்தான் திருத்தினோம். றோட் பைக் கொஞ்ச வருடமாகத்தான் வருகிறது. 2022இல் பெற்றோல் வரிசை நின்ற காலத்தில் சைக்கிள் வாங்கின ஆட்கள் கொஞ்சப் பேர் பிறகு ஆசைப்பட்டு இந்தப் பக்கம் வந்தார்கள். வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, கம்பி உடைந்தால் மாற்றுக் கம்பி எங்கே எடுப்பீர்கள் என்று.

சொண்டா மாதிரிச் சில்லில் முன்னுக்கு 16 கம்பி, பின்னுக்கு 21. பின்னுக்கு மூன்று மூன்றாகக் கூட்டிப் போட்டிருப்பான். கம்பி நேர்க்கம்பி, தட்டையானது, அந்தச் சில்லுக்கென்றே செய்தது. ஓடும்போது நல்லாகத்தான் ஓடும். ஒன்று போனால் சில்லு அப்படியே ஒரு பக்கம் இழுத்து பிறேக்கில் உராயும், வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரவும் ஏலாது. கொழும்பிலும் தேட வேண்டும், இல்லை என்றால் திரும்ப மச்சான்தான். 32 கம்பிச் சில்லில் ஒன்று போனால் நிப்பிளை (கம்பியை இறுக்குகிற சின்ன மரை) திருகி ஓரளவு சரிப்படுத்தி வீட்டுக்கு வரலாம். கம்பியும் வளைந்த தலைக் கம்பி, நீளம் சொன்னால் எப்படியும் எடுக்கலாம்.

இன்னொன்று. கொம்பனியில் இருந்து வருகிற மலிவுச் சில்லை மெஷின் கட்டி அனுப்பும். கம்பி எல்லாம் ஒரே இழுவையில் இருக்காது. ஒன்று இறுக்கம், பக்கத்தில் இருக்கிறது தொய்வு. தொய்ந்த கம்பிதான் முதலில் உடையும், ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டுத் தளர்ந்து களைத்துப்போகும். ஆகவே வாங்குவதற்கு முன் இருக்கிறதை ஒருமுறை வடிவாக இழுத்துக் கட்டி, நெளிவு எடுத்து, ஹப்பைக் கழற்றிப் போல்ஸ் கழுவிப் புதுக் கிறீஸ் போட்டு, கோனைச் சரியாக வைத்துப் பாருங்கள். புதுச் சைக்கிளிலேயே கோன் இறுக்கமாக வருவதைப் பார்த்திருக்கிறேன். கையால் சுற்றிவிட்டால் கரகர என்று நிற்கும்.

---

செம்மணிச் சில்லு

கடைக்கார அண்ணை சொல்வதில் ஒன்றைக் கூட்ட வேண்டும்: உப்பு.

நான் கிழமையில் பாதி நாள் பண்ணையால் போய் வருகிறேன். இரண்டு பக்கமும் கடல். சோளகம் அடிக்கிற மாதங்களில், வைகாசி தொடக்கம் ஆவணி வரை, நீர்த்தூவல் நேரே சைக்கிளில் படும். பாரம் குறைந்த சில்லில் நிப்பிளும் அலுமினியத்தில் போடுவார்கள். உருக்குக் கம்பி, அலுமினிய நிப்பிள், நடுவில் உப்புத் தண்ணி. இரண்டு உலோகமும் சேர்ந்து நிப்பிளைத் தின்றுவிடும். வெளியில் பார்க்க ஒன்றும் தெரியாது, நெளிவு எடுக்கப் போனால் தலை கழன்று கையோடு வரும். பித்தளை நிப்பிள் ஒரு சோடிச் சில்லுக்கு 40 கிராம் அளவு கூடப் போடும், அவ்வளவுதான். வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். ஓடி வந்த பிறகு நல்ல தண்ணியால் கழுவுங்கள், ஹப்புக்குள் நேரே குழாயை அடிக்காதீர்கள்.

நல்லூரானுக்கு ஒரு எச்சரிக்கை. உங்களுடையது 8 பல்லுச்சக்கரக் கசற். புதிதாக வருகிற சில்லுகளின் ஹப் 11 பல்லுக்கு ஏற்ற நீளம். 8, 9, 10 பல்லுக் கசற்றைப் போட வேண்டும் என்றால் முதலில் 1.85 மிமீ வளையம் ஒன்று போட வேண்டும், இல்லாவிட்டால் கசற் ஆடும். வளையம் சில்லோடு வரும், வராவிட்டால் கேளுங்கள். கம்பக்னோலோ வாங்கினால் ஷிமானோவுக்கான ஹப் உடல் என்று குறிப்பிட்டு வாங்க வேண்டும். ஷிமானோவின் புதிய சில்லுகள் சிலவற்றில் 12 பல்லுக் கசற் மட்டுந்தான் ஏறும், உங்களுக்கு அது சரிவராது. பின் ஹப் அகலம் 130 மிமீ, குயிக் றிலீஸ் (கையால் கழற்றுகிற அச்சு). டிஸ்க் பிறேக் சில்லு தவறிக் கூட வாங்க வேண்டாம், அதில் பிறேக் கட்டை பிடிக்க இடமே இல்லை.

---

நல்லூரான்

அக்கா, நன்றி. இந்த வளைய விசயம் எனக்குத் தெரியவே தெரியாது. லண்டன் கடைக்காரன் இதெல்லாம் கேட்பானா?

---

செம்மணிச் சில்லு

கடைக்குப் போனால் கேட்பான். இணையத்தில் ஓடர் பண்ணினால் யார் கேட்பது? நீங்கள்தான் தெரிவு செய்ய வேண்டும்.

---

காரைநகர் றேசர்

எல்லோரும் அலுமினியத்திலேயே நிற்கிறீர்கள். சீனாவில் இருந்து 50 மிமீ கார்பன் சில்லு எடுக்கலாமே. 1,500 கிராம்தான். பார்க்கவும் அந்த மாதிரி.

---

கொக்குவில் கடைக்காரன்

தம்பி, சோளகத்தில் வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகிற பாலத்தால் 50 மிமீ சில்லோடு போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பஸ் ஒன்று பக்கத்தால் போய் மறைத்துவிட்டு விலகுகிற நேரம் கைப்பிடியை இறுக்கிப் பிடியுங்கள்.

---

பௌதிக வாத்தி

சிரிப்பாகச் சொன்னாலும் கடைக்காரர் சொல்வது முக்கியமான விசயம். ஆனால் காரைநகர் றேசர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

குடாநாட்டில் ஏற்றம் என்று சொல்ல என்ன இருக்கிறது? 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் ஏறினால் அதுதான் எங்கள் மலை. எங்களுக்கு எதிரி நிறை இல்லை, காற்று. காற்றில்லாத விடியலில் 25 கிலோமீற்றர் வேகத்தில் போக, காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் ஏறக்குறைய 70 வாற் போகும். எதிரே 20 கிலோமீற்றர் வேகத்தில் சோளகம் அடித்தால் அதே 25க்கு 220 வாற் வேண்டும். மூன்று மடங்குக்கு மேல். அதனால்தான் குறிகட்டுவானுக்குப் போகும்போது நாக்குத் தள்ளுகிறது, வரும்போது எல்லோரும் சம்பியன்.

ஆகவே யாழ்ப்பாணத்தில் பாரம் குறைந்த தட்டையான றிம்மை விட, கொஞ்சம் பாரம் கூடின, 30 மிமீ அளவு உயரமான றிம் வேகத்துக்கு உதவும். அதுவும் சில வாற்தான். பெரிய சேட்டைக் கழற்றிவிட்டு உடம்போடு ஒட்டின ஜேர்சி போட்டால், கைப்பிடியின் கீழ்ப் பகுதியைப் பிடித்துக் குனிந்தால் அதை விடக் கூடக் கிடைக்கும். ஒருவருக்குப் பின்னால் ஒருவர் ஒட்டிப் போனால் கேட்கவே வேண்டாம்.

50 மிமீ கார்பனை நான் இங்கே வேண்டாம் என்பதற்குக் காரணம் இரண்டு. பக்கக் காற்றில் முன் சில்லை அது திருப்பும். மற்றது, றிம் பிறேக்கோடு கார்பன் என்றால் அதற்கென்று தனிக் கட்டை வேண்டும், நனைந்தால் பிடிப்பும் குறையும், நீண்ட இறக்கத்தில் சூடும் ஏறும். நுவரெலியாவில் ஏறினால் இறங்கவும் வேண்டும்.

---

ஸ்காபரோ தம்பி

இறக்கம் என்று சொன்னபடியால்: ரிபியூ ரியூபும் சூட்டை விரும்பாது. யாழ்ப்பாணத்தில் பிரச்சினை இல்லை, நுவரெலியாவிலிருந்து இறங்குவது என்றால் அன்றைக்குச் சாதாரண ரியூப் போட்டுக்கொண்டு போங்கள். மெல்லிய சாதாரண ரியூபும் 70 கிராமில் கிடைக்கும்.

---

வடமராட்சிக் காற்று

ரிபியூ பற்றி எல்லோரும் ஆசையாகக் கதைக்கிறீர்கள், நெருஞ்சி முள்ளை ஒருவரும் நினைக்கவில்லை!

பருத்தித்துறை வீதியில் ஓடும்போது ஒன்றுமில்லை. காபெட் வீதி கண்ணாடி மாதிரி. ஒழுங்கைக்குள் ஒருமுறை இறங்கினால் போதும். மழைக்குப் பிறகு வீதியோரத்தில் நெருஞ்சி படர்ந்து காய்க்கும், காய்ந்த காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே நிற்கும். றேஸ் ரயர் அதற்கு ஒன்றுமே இல்லை. ரிபியூ ரியூபுக்கு ஊர்க் கடையில் ஒட்டுப் போட முடியாது. அதற்குத் தனி ஒட்டு வேண்டும், றப்பர் சொலூசன் பிடிக்காது. நான் பின்னுக்குச் சாதாரண ரியூப், முன்னுக்கு மட்டும் ரிபியூ போட்டிருக்கிறேன். முள் கூடக் குத்துவது பின் சில்லில்.

ரயரிலும் யோசியுங்கள். கேற்றர்ஸ்கின் மாதிரித் தடித்தது முள்ளைத் தாங்கும், ஆனால் மரக்கட்டை மாதிரி உருளும். கிறாண்ட் பிறீ 5000 வேகமாக உருளும். நடுவில் விற்றோரியா றூபினோ புறோ மாதிரி ஒன்று எடுத்தால் விலையும் குறைவு, முள்ளும் ஓரளவு தாங்கும்.

---

செம்மணிச் சில்லு

பின் சில்லில் கூடக் குத்துகிறது என்பது சரி. முன் சில்லு முள்ளை நிமிர்த்திவிடும், பின் சில்லு ஏற்றுக்கொள்ளும். பாரமும் பின்னுக்குத்தான் கூட.

ரயருக்கு அடிக்கிற காற்றையும் கவனியுங்கள். 120 பிஎஸ்ஐ அடித்தால் வேகம் என்று நினைத்துக்கொண்டு கல்லுப் போல அடிக்கிறார்கள். 74 கிலோ ஆளுக்கு 25 மிமீ ரயரில் பின்னுக்கு 85 அளவில் தொடங்கி, முன்னுக்கு அதில் கொஞ்சம் குறைத்து ஓடிப் பாருங்கள். பிறேமும் பிறேக்கும் இடம் விட்டால் 28 மிமீ போடுங்கள், இன்னும் குறைத்து அடிக்கலாம். ஒழுங்கைகளில் இடுப்பு நன்றி சொல்லும்.

---

வேகப்பிரியன்

அப்ப வீல்செற்றே வேண்டாம் என்கிறீர்களா? எல்லோரும் சேர்ந்து மனுசனின் ஆசையைக் கெடுத்துப்போட்டீர்கள்.

---

ஸ்காபரோ தம்பி

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கே என் சில்லு பிடிக்கும். ஆனால் 350 கிராம் ரயரைச் சொண்டாவில் போட்டு ஓடினால் அந்தக் காசில் பாதி வீண். ரயரை முதலில் மாற்றி ஒரு மூன்று மாதம் ஓடட்டும். அப்பவும் ஆசை இருந்தால் வாங்கட்டும், ரயர் புதுச் சில்லுக்கும் பாவிக்கலாம்தானே.

---

காரைநகர் றேசர்

கையால் கட்டின சில்லு எப்படி? கடைக்கார அண்ணை கட்டித் தருவாரா?

---

கொக்குவில் கடைக்காரன்

கட்டலாம். சாமான் நீங்கள் கொண்டுவர வேண்டும், இங்கே 700சி (றோட் பைக் அளவு) றிம்மில் நல்லது கிடையாது.

ஆனால் எடை குறையும் என்று நினைத்தால் சாமானைப் பார்த்து எடுங்கள். உதாரணத்துக்கு டீரி சுவிஸ் ஆர் 460 றிம் ஒன்று 460 கிராம். இரண்டும் 920. ஷிமானோ 105 ஹப் சோடி அரைக் கிலோ. 32 கம்பி வீதம் 64 கம்பி, நடுவில் மெலிந்த வகை என்றாலும் 400 கிராமுக்குக் குறையாது, பித்தளை நிப்பிள் 60 சொச்சம். கூட்டிப் பாருங்கள், 1,900க்குக் கிட்ட வரும். நல்லூரானின் சில்லை விட 150 கிராம்தான் குறைவு. ஆனால் ஆயுசுக்கும் ஓடும், கோனும் போல்ஸும் ஊரிலேயே திருத்தலாம். பாரம் குறைய வேண்டும் என்றால் நொவரெக் மாதிரிப் பாரம் குறைந்த ஹப்பும், முன்னுக்கு 24, பின்னுக்கு 28 கம்பியும் போட்டால் 1,600 அளவுக்குக் கொண்டுவரலாம். அந்த ஹப்பில் பெயரிங் அடைத்த வகை. அது மோட்டச்சைக்கிள் பெயரிங் விற்கிற கடையில் நம்பர் சொன்னால் எடுத்துத் தருவான், 6902 மாதிரி. அதனால் அதுவும் இங்கே சமாளிக்கலாம்.

என்னைக் கேட்டால் ஊரில் ஓடுகிற ஆளுக்கு இதுதான் சரியான சில்லு. கொம்பனிச் சில்லு வடிவு, இது பிழைக்கத் தெரிந்த சில்லு.

---

பௌதிக வாத்தி

கடைக்காரரோடு முழுதும் உடன்படுகிறேன். ஒரு வார்த்தை மட்டும்: கம்பி குறைந்த சில்லில் கொம்பனி சொல்கிற ஆள் எடை எல்லையைப் பாருங்கள். 74 கிலோவுக்குப் பயமில்லை. 100க்குக் கிட்ட இருப்பவர்கள் இந்த இழையை வாசித்துவிட்டு 16 கம்பிச் சில்லு வாங்கப் போக வேண்டாம்.

நுவரெலியாவுக்கு இன்னொரு யோசனை. உங்கள் பின் கசற்றில் ஆகப் பெரிய சக்கரத்துக்கு எத்தனை பல்லு? 28 என்றால் 32க்கு மாற்றுங்கள், டிறெயிலர் (கியர் மாற்றி) ஏற்றுக்கொள்ளுமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு. 8 பல்லுக் கசற் மலிவு. றம்பொடைக்கு மேலே 400 கிராம் குறைந்த சில்லு தராத உதவியை அந்த நாலு பல்லுத் தரும்.

---

காரைநகர் றேசர்

மச்சான் கொண்டுவருவதை விட சென்னையில் வாங்கிப் பலாலியால் கொண்டுவரலாமா? நேரே விமானம் இருக்கிறதே.

---

செம்மணிச் சில்லு

ரயர் என்றால் பிரச்சினை இல்லை. சில்லுப் பெட்டி என்றால் முதலே விமானக் கொம்பனியிடம் கேளுங்கள், சென்னையிலிருந்து வருகிறது சின்ன விமானம். யார் கொண்டுவந்தாலும் குயிக் றிலீஸ் கம்பியைக் கழற்றித் தனியாகச் சுற்றி வையுங்கள், ரயர் போட்டிருந்தால் காற்றை இறக்குங்கள். பில்லையும் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள், சுங்கத்தில் கேட்டால் காட்ட.

இன்னொன்று, ஊர்க் கடையில் 28 இஞ்சி ரயர் என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். ஊர்ச் சைக்கிளின் 28 x 1½ றிம் 635 மிமீ, எங்கள் 700சி 622 மிமீ. இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது.

---

நல்லூரான்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மச்சானோடும் கதைத்தேன். வீல்செற் இல்லை என்றதும் அவனுக்குத்தான் பெரிய சந்தோசம், பெட்டி தூக்கத் தேவையில்லை.

முடிவு இப்படி. றூபினோ புறோ 28 மிமீ ஒரு சோடி, எங்கள் பிறேக்குக்கு இடம் காணாவிட்டால் 25. ரிபியூ ரியூப் இரண்டு, ஆனால் ஊரில் ஓட முன்னுக்கு மட்டும். அதற்கான ஒட்டும் சேர்த்து. 11-32 கசற். இருக்கிற சில்லைக் கொக்குவில் அண்ணையிடம் கொண்டுவருகிறேன், கம்பி இழுத்துக் கட்டவும் ஹப் கழுவவும். சித்திரைக்குப் பிறகு கையால் கட்டின சில்லைப் பற்றி யோசிப்போம். வேகப்பிரியன் மன்னிக்க வேண்டும்.

---

வேகப்பிரியன்

மன்னிக்கிறேன். ஆனால் அடுத்த ஞாயிறு குறிகட்டுவானுக்குப் போகும்போது காற்றுக்கு முன்னால் நீங்கள்தான் இழுக்க வேண்டும்.

---

கொக்குவில் கடைக்காரன்

நல்லூரான், ரயர் வந்த பிறகு கொண்டுவாருங்கள், இரண்டு தரம் கழற்ற வேண்டாம். றிம்முக்குள் இருக்கிற நாடாவையும் பார்க்க வேண்டும். மலிவுச் சில்லில் அது றப்பர் நாடாவாக இருக்கும், கம்பி ஓட்டைக்கு மேலே விலகும். மெல்லிய ரியூப் போட்டால் அந்த ஓட்டையிலேயே வெடிக்கும். மச்சானிடம் துணி நாடா ஒரு உருளை சொல்லிவிடுங்கள், 16 மிமீ அகலம். பழைய பிறேக் கட்டையையும் மாற்றுவோம், மணல் ஏறி றிம்மைச் சுரண்டும்.

---

வடமராட்சிக் காற்று

கழற்றுகிற பழைய ரயர் 25 மிமீ என்றால் எறிய வேண்டாம். என் மகனின் சைக்கிளுக்கு வேண்டும், ஒழுங்கைக்குள் ஓட அதுதான் நல்லது. விலை சொல்லுங்கள்.